பின்னால் வரும் தடம்

புதுச்சேரி, துமாஸ் தெரு
8 டிசம்பர் 2024

அன்புள்ள நிர்மலா,

புயல் எங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று சொல்லத்தான் முதலில் எழுதுகிறேன். நீ போன் செய்தபோதெல்லாம் “நல்லாருக்கோம்டி” என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஜெர்ரி பக்கத்திலேயே இருந்தார். இந்த நோய் வந்து அவருக்குக் கால் போனதே தவிர, காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. வாட்ஸாப்பில் எழுதினால் போனை எடுத்துப் பார்த்துவிடுகிறார். அதனால்தான், பள்ளிக்கூட லீவில் நீ முதலியார்பேட்டையிலிருந்தும் நான் எங்கள் மாமா வீட்டிலிருந்தும் எழுதிக்கொண்டோமே, அதேபோலக் காகிதம். நீயும் காகிதத்திலேயே பதில் போடு. தபால்காரர் வரும் நேரம் இவரைக் குளிப்பாட்டி உட்காரவைத்திருப்பேன்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டப்பந்தயம் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார், என் புருஷன், இப்போது கதவு நிலையைத் தாண்ட முடியாமல் நிற்கிறார். பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னதை உனக்கு முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு காலும் பசை போட்டு ஒட்டியதுபோல் தரையில் நின்றுவிடுகின்றன. உடம்பு மட்டும் முன்னால் சாய்கிறது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறேன். என் நாள் இப்படித்தான் போகிறது.

சித்தி பிரான்சில், துலூஸில் மகனோடு இருக்கப் போனபோது இந்தப் பழைய வீட்டை எங்களிடம் விட்டுப் போனார்கள், தெரியுமல்லவா. புயல் தண்ணீர் முற்றத்தில் நின்று, மேலே பூசியிருந்த சிமெண்ட் முழுக்கப் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிட்டது. சுரண்டி எடுக்க வீராம்பட்டினத்திலிருந்து கொத்தனார் கன்னியப்பன் வந்தார். அடியில் மஞ்சள் கலந்த பெரிய கற்கள், பலகைபோல். அந்தக் கற்களின்மேல் வரிசையாகக் கைகள். உள்ளங்கையும் ஐந்து விரலும், ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்ததுபோல.

கன்னியப்பன் தன் கையை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த கையை வைத்துப் பார்த்தார். “இன்னாம்மா இது, எடது கை இருக்கவேண்டிய எடத்துல வலது கை இருக்குது. கட்டவெரலு வெளிப்பக்கம் பாத்துக்குனு இருக்குது. கைய மாத்தி மாத்திப் போட்டு எவன் நடப்பான்?” என்றார். அதற்குப் பிறகு கல்லின் விளிம்பில் மட்டுமே கால் வைத்து வேலை செய்தார். மறுநாள் வரவில்லை.

நீ கல்லில் பதிந்த தடங்களைப் படிக்கிறவள். படங்களை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இது என்னவென்று சொல். எனக்கு அந்த முற்றத்தைக் கடந்து துணி காயப்போடவே என்னவோபோல் இருக்கிறது.

உன் அன்பு
வெரோனிகா


மோன்பெலியே, பிரான்ஸ்
28 டிசம்பர் 2024

என் வெரோ,

கிறிஸ்மஸுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று. கொஞ்சம் நடுங்குகிறது. நீ சரியாகத் தூங்குகிறாயா?

படங்களைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்தில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தோஷத்தில்தான். பயப்படாதே, அவை கைகள் இல்லை. கால்கள். டைனோசருக்கும் முந்திய ஒரு ஊர்வன, முதலைக்குப் பெரியப்பன் வழி என்று வைத்துக்கொள். இருபத்துநாலு கோடி வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு சேற்றங்கரையில் நடந்து போயிருக்கிறது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயருக்கே ‘கை விலங்கு’ என்றுதான் அர்த்தம். தமிழில் சேர்த்து எழுதினால் வேறு பொருள் வந்துவிடும், பார்த்துக்கொள்.

உன் கன்னியப்பன் கேட்ட கேள்வியைத்தான் முதன்முதலில் இந்தத் தடங்களைப் பார்த்த படிப்பாளிகளும் கேட்டார்கள். கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கிறதே, அப்படியானால் இது காலைக் குறுக்கே பின்னிப் பின்னி நடந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படியே படமும் வரைந்தார்கள். பிறகுதான் புரிந்தது, அது கட்டைவிரல் இல்லை, சுண்டுவிரல். வெளியே வளைந்து நிற்கிற தடித்த சுண்டுவிரல்.

பல்லி நடப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கால் பக்கவாட்டில் விரிந்திருக்கும். இடது தடத்துக்கும் வலது தடத்துக்கும் நடுவே அகலமான இடம் இருக்கும். உன் முற்றத்தில் அந்த இடமே இல்லை. வரப்பில் நடப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. அப்படியென்றால் கால்கள் உடம்புக்கு நேர் கீழே இருந்தன, உடம்பு நன்றாக உயர்ந்து நின்றது. நடுவில் வால் இழுத்த கோடும் இல்லை. எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காத காலத்திலேயே வெறும் தடத்தை வைத்து இவ்வளவையும் சொல்லிவிட்டார்கள்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பழைய கப்பல்களில் அடிப்பாரத்துக்காக ஏற்றி வந்த கல்லாக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மலைப்பக்கம் இதே நிறத்தில் கல் உண்டு. ஆனால் வெட்டி, ஏற்றி, இறக்கிய கற்கள் உன் முற்றத்தில் தடம் அறுபடாமல் வரிசையாகக் கிடக்கின்றன. யாரோ ஒருவர் ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்துப் பதித்திருக்கிறார். பிறகு இன்னொருவர் அதன்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்.

காலை வெயில் சாய்வாக விழும்போது இன்னும் படங்கள் எடுத்து அனுப்பு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வை. தயவுசெய்து யாரும் அதன்மேல் நடக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்
நிர்மலா


துமாஸ் தெரு
19 ஜனவரி 2025

அன்புள்ள நிர்மலா,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

கிறிஸ்மஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, ஜெர்ரியை முற்றத்து வாசலில் வாக்கரோடு நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் வாக்கர் மட்டும் நிற்கிறது. அவர் முற்றத்தின் நடுவில் இருக்கிறார். நடக்கிறார், நிர்மலா. ஒட்டவில்லை, தடுமாறவில்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடத்தின்மேலும் தன் பாதத்தை வைத்து வைத்துப் போகிறார். ஆனால் எப்படி? இடது காலை வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறார், வலது காலை இடப்பக்கம். கத்தரிக்கோல்போலப் பின்னிப் பின்னி. மேற்குச் சுவர்வரை போனார். தடம் சுவருக்கு அடியில் போய்விடுகிறது. அங்கே நின்றதும் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது.

“இன்னா பண்றீங்க?” என்றேன்.

“நான் ஒண்ணும் பண்ணல வெரோ. அதுவே இட்டுக்குனு போவுது.”

பொங்கலுக்கு முன்பே அந்தப் பின்னல் நடை நின்றுவிட்டது. நேராக, நம் எல்லாரையும்போல நடந்தார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “மொதல்ல தப்பா வச்சுட்டேன். அது கட்டவெரல் இல்ல, சுண்டுவெரல்” என்றார். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வருகிறது, அதே வார்த்தையோடு. நீ அதை எழுதியது எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்?

நடக்கவிடாதே என்கிறாய். அவரால் நடக்க முடிகிற ஒரே இடம் அதுதான். நான் எப்படித் தடுப்பேன்? நீ கேட்ட படங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

வெரோ


மோன்பெலியே
6 பிப்ரவரி 2025

என் வெரோ,

முதலில் உன் பயத்துக்குப் பதில். இங்கே நரம்பு மருத்துவம் பார்க்கிற ஒருவரிடம் கேட்டேன். இந்த நோயில் இது நடக்கக்கூடியதுதானாம். தரையில் கோடோ அடையாளமோ இருந்தால், அதைத் தாண்டுகிற எண்ணத்தில் ஒட்டிய கால் கிளம்பிவிடுமாம். வீட்டுக்குள் வண்ண நாடா ஒட்டி நடக்கவைப்பார்களாம். சுண்டுவிரல் விஷயமும் அப்படித்தான். காலைப் பின்னி நடந்து பார்த்தால் எந்த உடம்புக்கும் அது தாங்காது. அவர் வாழ்நாளெல்லாம் ஓடுகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். படித்தவர்கள் பல வருஷம் யோசித்ததை அவர் கால் சில நாளில் கண்டுபிடித்திருக்கிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

அவர் நடக்கட்டும். வெறுங்காலோடு மட்டும்.

இனி எழுதுவதை அவரிடம் சொல்லாதே. காலை வெயிலில் நீ எடுத்த படங்களில் மேற்குச் சுவர்ப் பக்கம் தடங்களின் இடைவெளி திடீரென்று நீள்கிறது. குதிகால் பதியவில்லை, விரல் நுனிகள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. எட்டு வைத்த நீளத்தையும் பாதத்தின் நீளத்தையும் வைத்து ஓரளவு வேகத்தைக் கணக்கிடலாம். அந்த இடத்தில் அது ஓடியிருக்கிறது. அதன் தடத்தின்மேலேயே, அதே திசையில், இன்னொரு பெரிய தடமும் போகிறது. நான் பார்த்த எல்லாப் படங்களையும் மறுபடி பார்த்தேன். ஆரம்பத்திலிருந்தே அது பின்னால் வந்திருக்கிறது.

ஜூனில் இரண்டு பேரோடு வந்து தடங்களை அச்சு எடுக்கலாமா என்று அருங்காட்சியகத்தில் கேட்டிருக்கிறேன். என் வேலையில் இப்படி ஒன்று மறுபடி கிடைக்காது. உன்னைப் பார்த்தமாதிரியும் இருக்கும்.

நிர்மலா


துமாஸ் தெரு
2 மார்ச் 2025

அன்புள்ள நிர்மலா,

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்வதற்கு என்ன இருக்கிறது? உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர் அந்த இடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டார். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓடுகிறார். நான் கையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன்.

“யாரப் பாக்குறீங்க?”

“பின்னால வருது.”

“நான்தானே வர்றேன்.”

“நீ இல்ல வெரோ. நீ முழிச்சிருக்கும்போது அது வராது.”

அதைக் கேட்டதும் அந்தத் தடங்களை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். கன்னியப்பனைக் கெஞ்சி வரவழைத்து, மணல் கொண்டுவரச் சொல்லி, முற்றம் முழுக்கக் கொட்டி மட்டப்பலகையால் சமமாக்கச் சொன்னேன். ஒரு தடமும் தெரியவில்லை. ஜெர்ரி பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து மறுபடி எல்லாம் போய்விட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குக்கூட நான் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. தூக்கித் தூக்கி எனக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

உனக்கு இந்தத் தெருவின் மதியம் ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்காது. வெயில் மட்டும் வெள்ளைச் சுவர்மேல் நிற்கும். அந்த நேரத்தில் நானும் அவர் பக்கத்தில் படுத்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிடுகிறேன். போன வியாழக்கிழமை அப்படித் தூங்கி எழுந்து டீ போட வந்தவள், முற்றத்தைப் பார்த்தேன். காலையில் நானே பெருக்கிச் சமமாக்கிய மணல் அது. அதில் வெறுங்காலடிகள். அறை வாசலிலிருந்து மேற்குச் சுவர்வரை, அடியில் மறைந்திருக்கிற அதே வழியில். அவை ஜெர்ரியுடையவை, எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறார், மெத்தையெல்லாம் மணல்.

ஆனால் அவருடைய காலடிகளின்மேல் இன்னொரு காலடியும் இருக்கிறது. தெருக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் மாதா படத்தின்முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, படம் எடுத்தேன்.

நீ படித்துச் சொல். யார் வந்தது?

வெரோ


மோன்பெலியே
20 மார்ச் 2025

என் வெரோ,

இதை உட்கார்ந்து படி. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் உட்கார்ந்து படி.

பின்னால் வந்த காலில் இடது சுண்டுவிரல் இல்லை. முதலியார்பேட்டையில் என் அண்ணன் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்து செயினில் விட்டாயே, அந்த விரல். வெரோ, அது நீ.

உனக்கு ஞாபகம் இல்லை என்று நம்புகிறேன். தூக்கத்தில் நடந்திருக்கிறாய். உன் பாதம் ஒவ்வொன்றும் அவர் பாதத்தின்மேலேயே விழுந்திருக்கிறது, அவர் எட்டு நீண்ட இடத்தில் உன்னுடையதும் நீண்டிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. சுவர்ப் பக்கம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே அவர் திரும்பி நின்றிருக்கிறார். அவர் விரல்களும் உன் விரல்களும் எதிரெதிரே இருக்கின்றன. இருவரும் நன்றாக அழுந்தி நிற்கிறீர்கள், அதாவது வெகுநேரம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பக்கம் பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறீர்கள். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், பயத்தில் போன வழியை மட்டும் பார்த்திருப்பாய். வரும் வழியில் உன் கால் இழுபட்டிருக்கிறது. உன் பக்கம் இருக்கிற அவர் காலின் வெளி ஓரம் மட்டும் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஒரு ஆளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறவன் கால் அப்படித்தான் பதியும். கால் ஒட்டிக்கொள்கிற மனிதர், வெரோ. அவர்தான் உன்னைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

போன கடிதத்தில் நான் எழுதியதையும் திருத்த வேண்டும். பெரிய விலங்கு சின்னதைத் துரத்தவில்லை. சின்னதின் தடத்தைச் சுற்றிச் சேறு பிதுங்கி வரப்பு கட்டியிருக்கிறது, ஆகவே சேறு இளகி இருந்தது. பெரியதின் தடத்தில் அது இல்லை, அதற்குள் சேறு இறுகிவிட்டது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து வந்திருக்கும். அவசரப்பட்டு எழுதி உன்னைப் பயமுறுத்திவிட்டேன்.

அப்படியானால் சின்னது ஏன் ஓடியது என்று கேட்பாய். ஓடியது மட்டும் நிச்சயம். எதைக் கண்டு ஓடியதோ அது கல்லில் தடம் வைக்கவில்லை.

டாக்டரிடம் போ. உனக்காகப் போ. ஜூனில் வருகிறேன், அனுமதி கிடைத்துவிட்டது.

நிர்மலா


துமாஸ் தெரு
22 ஏப்ரல் 2025

அன்புள்ள நிர்மலா,

ஈஸ்டர் முடிந்து எழுதலாம் என்று இருந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போக முடியவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே, ஜெர்ரிக்குச் சோறு ஊட்டும்போது கேட்டுவிட்டேன்.

“மதியத்துல நான் எழுந்து நடக்குறனா?”

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“யார் சொன்னா?”

“நிர்மலா.”

“அவ அங்கிருந்துக்குனு எப்படிப் பாத்தா?” என்று சிரித்தார். பிறகு சொன்னார். மழை வெள்ளம் வடிந்த நாளிலிருந்தே இது நடக்கிறதாம். கண்ணைத் திறந்துகொண்டு எழுந்து, இரண்டு கையையும் முன்னால் விரித்துக்கொண்டு, யாரோ விழப்போகிறார்கள்போல வீடு முழுக்கச் சுற்றுவேனாம். ஒருநாள் தெருக்கதவைத் திறந்து வாசலில் இறங்கிவிட்டேனாம். கட்டிலில் படுத்துக்கொண்டு கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. “அன்னிக்குத்தான் எழுந்தேன். எப்படி எழுந்தேன்னு தெரியல. நான் முன்னாடி போனா நீ பின்னாடி வர்ற. நின்னா நீயும் நின்னுக்குனு அழற. செவுருவரைக்கும் இட்டுக்குனு போயிட்டு, திருப்பிக் கொண்டாந்து படுக்கவச்சிடுவேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நாள் பூரா என்னத் தூக்குற. இதையும் சொன்னா நீ தூங்குவியா?”

நான் சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தேன். ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் ஏன் ஓட வேண்டும்? அதைப் போய்க் கேட்டேன். “உன் முகம் அப்ப உன்னுது இல்ல வெரோ” என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் எனக்கு மாத்திரை கொடுத்தார். களைப்புதான், தூங்கினால் சரியாகிவிடும் என்றார். அவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க, அடுத்த நாள் மதியம் தூங்காமல் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சத்தியமாகத் தூங்கவில்லை. தெருவில் ஒரு நாய் நாக்கை நீட்டி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜெர்ரி எழுந்தார். “வா” என்றார், மெதுவாக. நான் அசையவில்லை. அவர் போய்விட்டார். சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஓட்டப்பந்தய வாத்தியாராக இருந்த காலத்தில் நடப்பாரே, அந்த நடை நடந்தார். சுவர்ப் பக்கம் ஓடினார். நின்று எதையோ பார்த்துப் பேசினார். தோளைச் சாய்த்துக்கொண்டு திரும்பி வந்தார். கட்டிலில் என் பக்கம் போர்வையை இழுத்துவிட்டார். நான் அந்தப் பக்கம் இல்லை, சன்னலண்டை நின்றிருந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை.

அவர் தூங்கியதும் முற்றத்துக்குப் போனேன். மணலில் இரண்டு தடம் இருந்தன.

என்னை நானே எவ்வளவோ கேட்டுக்கொண்டேன். நான் முழித்திருந்ததாக நினைத்ததே தூக்கமாக இருக்கலாம். நீ அப்படித்தான் சொல்வாய், நானும் அப்படியே நம்பிக்கொள்கிறேன். பின்னால் வந்த தடத்தில் சுண்டுவிரல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிட்டேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். இப்போது மதியம் அவர் “வா” என்றதும் நானே எழுந்துகொள்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு, கையை விரித்துக்கொண்டு, அவர் பின்னாலேயே போகிறேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஓடுவதில்லை. அவர் பின்னால் எதாவது வந்துதான் ஆகவேண்டும் என்றால், அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூனில் வராதே, நிர்மலா. உன்னிடம் இதைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். உன் ஆட்கள் வந்தால் மணலை அள்ளுவார்கள், கல்லைப் பெயர்ப்பார்கள், அளப்பார்கள். அவர் நடக்கிற நாள் எத்தனை இருக்கிறதோ, அது முடியட்டும்.

இந்தக் கடிதத்தோடு படம் இல்லை. இனியும் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் நீ படித்துவிடுவாய்.

என்றும் உன்
வெரோனிகா